கோப்பிக் கோது, மண்டி: எறியாமல் என்ன செய்யலாம்? வன்னியில உள்ளவை சொல்லுங்கோ

ஏ9 கோப்பிக்கடை:
எல்லாருக்கும் வணக்கம். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில, ரோட்டுக் கரையில, சின்ன மில் ஒண்டும் அதோட ஒட்டினபடி ஒரு கோப்பிக்கடையும் வச்சிருக்கிறன். மிளகாய், மல்லி, அரிசிமா அரைக்கத்தான் மில் தொடங்கினது. ஆறு வருசமாக் கோப்பியும் குத்தி, வறுத்து, வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து அரைச்சுக் குடுக்கிறன்.

எங்கட பக்கத்தில கோப்பி எண்டால் கிணத்தடியில நிக்கிற ஒண்டு ரெண்டு மரம்தான். எனக்குச் சரக்கு மாத்தளைப் பக்கத்தில இருந்து வருது. குத்தின கொட்டை விலை கூட எண்டதால காய்ஞ்ச பழமாவே சாக்கில எடுக்கிறன். மாதம் 200 கிலோ வரும். குத்தினால் பாதி கொட்டை, பாதி கோது. அதோட வறுக்கேக்க பறக்கிற மெல்லிய சவ்வுத் தோல். கடையில நாளுக்கு ஒண்டரைக் கிலோத் தூள் வடிக்கிறம். அந்த மண்டியை நிறுத்துப் பாத்தன், ஈரத்தோட 3 கிலோ நிக்குது.

இவ்வளவு நாளும் கடைக்குப் பின்னால குவிச்சனான். போன கார்த்திகை மழையில குவியல் ஊறிக் கறுத்தத் தண்ணி பக்கத்து வளவுக்குள்ள, கிணத்துப் பக்கம் ஓடிட்டுது. அந்த வீட்டு அம்மா சண்டைக்கு வரேல்லை. வந்து நிண்டு, "பிள்ளை, இதைக் கொஞ்சம் பாரன்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனா. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. ஒருக்கா எரிச்சும் பாத்தன். புகை கடைக்குள்ள வந்து பஸ்ஸால இறங்கின சனம் இருமுது.

யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்காலத்தில ஜாம் போத்தலில விளக்குச் செய்து படிச்ச ஆள் நான். ஒரு பொருளை எறிய எனக்கு மனம் வராது. ஆருக்காவது இது உதவுமெண்டால் சொல்லுங்கோ.

விசுவமடு கமக்காரன்:
தங்கச்சி, முதல்ல ஒரு எச்சரிக்கை. பச்சை மண்டியைப் பயிருக்குப் போட்டுடாதேங்கோ. நான் போட்டுப் பாத்து அழிஞ்சனான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளையைத் தடை செய்தவை. நவம்பரில எடுத்துவிட்டவை, ஆனா அதுக்குள்ள எங்கட போகம் போட்டுது. யூரியா இல்லை, மாட்டெரு விலை ஏறிட்டுது, ஆர் என்ன சொன்னாலும் கேக்கிற நிலைமை. "கோப்பி மண்டியில நைதரசன் இருக்கு" எண்டு ஒரு வீடியோவில பாத்தன். கிளிநொச்சியில ரெண்டு கடையில சொல்லி வச்சு, வாளி வாளியா ஏத்திக்கொண்டு வந்து மிளகாய் நாத்துமேடையில ஒரு விரல் மொத்தத்துக்குப் பரப்பினன். பத்து நாளில கண்டு அப்பிடியே நிண்டுட்டுது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. இலை வெளிறிப் போச்சு. மேல பரப்பின மண்டி வெயிலுக்குக் காய்ஞ்சு ஓடு மாதிரி ஆகி, தண்ணி விட்டால் உள்ள இறங்காமல் வழிஞ்சு ஓடினது. கடைசியில மேடை முழுக்கக் கிண்டி எறிஞ்சிட்டுத் திரும்ப விதை போட்டன். ஒரு மாதம் பிந்தினது. மிளகாய்க்கு ஒரு மாதம் பிந்தினால் என்ன விலைக்கு விக்கும் எண்டு கமம் செய்யிறவைக்குத் தெரியும்.

பசளைப்பெட்டி:
ஐயா சொன்னதுதான் சரி. நான் அறிவியல்நகரில விவசாயம் படிச்சனான், அதால காரணத்தைச் சொல்லுறன்.

மண்டியில நைதரசன் ஏறக்குறைய 2 சதவீதம் இருக்கிறது உண்மை. ஆனா அது பயிர் உடன எடுக்கிற வடிவில இல்லை. மண்ணில உள்ள நுண்ணுயிர்கள் மண்டியைத் தின்னத் தொடங்கேக்க, மண்ணில ஏற்கனவே இருக்கிற நைதரசனையும் சேர்த்து இழுக்கும். அதுதான் உங்கட கண்டு வெளிறினது. அதுக்கு மேல மிச்சமா நிக்கிற கஃபீனும் பொலிபீனோலும் இளம் வேரை முடக்கும். நாத்துமேடைதான் இதைப் போடக் கூடாத முதல் இடம்.

கூட்டெருவுக்குள்ள போனால் இதே சாமான் தங்கம். மண்ணிறமா இருக்கு எண்டு சருகோட சேர்த்துக் கணக்குப் பண்ணாதேங்கோ. காபன் நைதரசன் விகிதத்தில இது பச்சைக் குழைக்குக் கிட்ட நிக்கிற பொருள். குவியலின்ர கனவளவில ஐஞ்சில ஒரு பங்குக்கு மேல மண்டி வேண்டாம். மிச்சத்துக்கு வைக்கோல், கிளிசரியாக் குழை, பூவரசங்குழை, மாட்டெரு. அடுக்கடுக்காப் போட்டு, கையால இறுக்கிப் பிழிஞ்சால் ஒண்டு ரெண்டு துளி வாற அளவுக்கு ஈரம் வச்சு, கிழமைக்கு ஒருக்காப் புரட்டுங்கோ. வன்னி வெயிலுக்கு மேல கிடுகு மறைப்பு இல்லாட்டி ரெண்டு நாளில காய்ஞ்சு வேலை நிண்டுடும். மாரியில தண்ணி ஓடாமல் கீழ உயர்த்தின மேடையும் வேணும். அக்காவின்ர கிணத்துப் பிரச்சினைக்கும் அதுதான் மருந்து.

இன்னொண்டு. கோதையும் மண்டியையும் ஒண்டாப் பாக்காதேங்கோ. பொற்றாசியம் சுடுதண்ணியில கரைஞ்சு கோப்பியோட எங்கட வயித்துக்கப் போயிடும், அதால மண்டியில அது குறைவு. கோதில 2 சதவீதத்துக்கு மேல நிக்கும். வாழைக்கு, தென்னைக்கு அது பெறுமதி.

கனகராயன்குளம் அம்மம்மா:
பிள்ளையள், மழைக்கு ஆபிரிக்க நத்தை வந்து என்ர கீரைப்பாத்தியைத் தின்னுது. கோப்பி மண்டி போட்டால் வராது எண்டு பேத்தி சொல்லுறாள். உண்மையே?

பசளைப்பெட்டி:
அம்மம்மா, பேத்தி கேள்விப்பட்டது பாதி உண்மை. ஹவாயில செய்த ஒரு ஆய்வு 2002இல வந்தது. கஃபீனை 1 அல்லது 2 சதவீதக் கரைசலாத் தெளிக்க நத்தையும் ஓடில்லா நத்தையும் செத்தது. நாங்கள் குடிக்கிற கோப்பியில கஃபீன் அதை விடக் கனக்கக் குறைவு, வடிச்ச மண்டியிலயும் அந்த அளவு இல்லை. நத்தை அதுக்கு மேலால ஏறிப் போகும். இருட்டினாப் பிறகு விளக்கோட போய்ப் பொறுக்கி உப்புத்தண்ணி வாளியில போடுறதுதான் இப்போதைக்கு நம்பக்கூடிய வழி. கையுறை போடுங்கோ. வளவில நாய் இருந்தால் மண்டியைத் திறந்தபடி வைக்காதேங்கோ, கஃபீன் நாய்க்கு நஞ்சு.

செட்டிகுளம் காளான்:
அக்கா, எங்களிட்ட தாங்கோவன்!

நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து சிப்பிக்காளான் செய்யிறம். மரத்தூளுக்குப் பத்துக்கு ஒண்டு அரிசித் தவிடு, கொஞ்சம் சுண்ணாம்பு, பயத்தம்மா, இதுதான் எங்கட கலவை. மரத்தூள் முந்தி அரிவு ஆலையில சும்மா தந்தவை, இப்ப அதுக்கும் விலை. மண்டியை மரத்தூளோட நாலில ஒரு பங்கு கலந்து பாக்க எனக்குக் கனநாள் ஆசை. முழுக்க மண்டியில போடேலாது. சத்துக் கூடினால் காளானுக்கு முன்னம் பச்சைப் பூஞ்சணம் வந்து குந்திடும்.

ஆனா மூண்டு விசயம் கறாராச் சொல்லவேணும். முதலாவது, அண்டண்டைய மண்டி வேணும். ரெண்டு நாள் மூடின வாளியில கிடந்தால் புளிச்சுப் பூஞ்சணம் பிடிச்சிடும். இல்லாட்டி ஓலைப்பாயில மெல்லிசாப் பரவி ஒரே நாளில சுக்காக் காயவச்சுத் தாங்கோ, எங்கட வெயிலுக்கு அது ஏலும். ரெண்டாவது, பாலும் சீனியும் படக்கூடாது. வடிச்ச துணியில இருந்து நேர வாளிக்குப் போகவேணும், கோப்பை கழுவின மண்டி வேண்டாம். மூண்டாவது, தேயிலைச் சக்கையைக் கலக்காதேங்கோ, பிறகு எது பழுதாக்கினது எண்டு எங்களால பிடிக்கேலாது.

ஏ9 கோப்பிக்கடை:
தங்கச்சி, இதைக் கேக்க எவ்வளவு சந்தோசம் தெரியுமே! ரெண்டு வாளி வச்சிட்டன், ஒண்டு மண்டிக்கு, மற்றது தேயிலைச் சக்கைக்கு. கடைப்பெடியனுக்கு முதல் நாள் மறந்து போச்சு, ரெண்டாம் நாளில இருந்து சரி. ஆனா செட்டிகுளம் தூரம். தினமும் கொண்டு வரேலாது, காய வச்சுத்தான் அனுப்பலாம்.

கோதுக்கு இன்னும் வழி இல்லை. அதுதான் கூட, மாதம் 100 கிலோ.

டோகா திரும்பினவன்:
அக்கா, கோதைக் குடிக்கலாம்! நான் கட்டாரில எட்டு வருசம் நிண்டனான். எங்களோட நிண்ட யேமன்காரர் கோப்பிக் கோதை இஞ்சி போட்டு அவிச்சுக் குடிப்பினம், கிஷ்ர் எண்டு பேர். எங்கட வேர்க்கொம்புக் கோப்பி மாதிரியே வாசம், ஆனா இலேசா, பழப்புளிப்போட இருக்கும். செத்தவீட்டில இரவிரவா இருக்கேக்கை குடிக்க நல்ல சாமான். இப்ப அதைக் கஸ்காரா எண்டு வெளிநாட்டில நல்ல விலைக்கு விக்கினம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில உணவா விக்க அனுமதி குடுத்தது. கிலோக் கிலோவா எறியிறியள்!

பசளைப்பெட்டி:
அண்ணை, கிஷ்ர் உண்மை, அனுமதியும் உண்மை. ஆனா அக்காவின்ர கோதை ஆரும் குடிக்கவேண்டாம் எண்டு கையெடுத்துக் கேக்கிறன்.

குடிக்கிற கோது எண்டால் பழுத்த பழத்தைப் பிடுங்கின உடன கழுவி, நிலத்தில படாமல் தட்டில காயவச்சு எடுக்கிறது. அக்காவுக்கு வாறது வீட்டுத் தோட்டங்களில பொறுக்கி, முற்றத்தில காயப்போட்டு, மழை வந்தால் கூட்டி அள்ளி, திரும்பப் பரப்பின பழம். பிந்திக் காய்ஞ்ச பழத்தில ஒக்ராடொக்சின் எண்ட பூஞ்சண நஞ்சு வரும், அது சிறுநீரகத்தைத் தாக்கும். கொட்டையை விடக் கோதிலதான் அது கூடச் சேரும். கொதிக்க வச்சாலும் முழுக்கப் போகாது. சிறுநீரக வருத்தத்தால எத்தினை வீடுகள் நொந்து போயிருக்கு எண்டு வன்னியில ஆருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்த வருத்தத்துக்குக் காரணம் இன்னும் சரியாத் தெரியாது, ஆனா இருக்கிற பாரத்துக்கு மேல இன்னொண்டை நாங்களாப் போடக்கூடாது.

மாட்டுத் தீனிக்கும் இதே பதில். கஃபீனும் தனினும் இருக்கு, மாட்டுக் கண்டுகளுக்குக் குடுக்கவே வேண்டாம்.

டோகா திரும்பினவன்:
விளங்கீட்டுது தம்பி. அது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சிறுநீரகப் பரிசோதனையில கிரியற்றினின் கூட, வீட்டில செய்து பாக்க நினைச்சனான். நல்லகாலம் இஞ்ச எழுதினது.

மாத்தளைப் பேரன்:
நான் கிளிநொச்சி பாரதிபுரம். எங்க குடும்பம் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கமிருந்து இங்க வந்தது. இந்த இழையைப் படிச்சதுல இருந்து மனசுல ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு, சொல்லிடுறேன்.

கோப்பிக்கும் வன்னிக்கும் சம்பந்தம் இல்லைன்னு நெனைக்காதீங்க. தேயிலைக்கு முன்னாடி மலைநாடு முழுக்கக் கோப்பிதான். அதுக்காக எங்க முன்னோர் தமிழ்நாட்டுல இருந்து தோணியில தலைமன்னாருக்கு வந்து எறங்கி, மன்னார்க் காட்டு வழியா மதவாச்சி, தம்புள்ள, மாத்தளைன்னு நடந்தாங்க. காலராவுலயும் தண்ணி இல்லாமலும் விழுந்தவங்களை வழியிலேயே விட்டுட்டு மத்தவங்க நடந்தாங்க. 2023இல அவங்க வந்த 200 வருச நினைவா, ஜூலை 28 தலைமன்னார்ல தொடங்கி ஓகஸ்ட் 12 மாத்தளை போய்ச் சேர்ற வரைக்கும் அதே வழியில சனம் நடந்தாங்க. நான் மடு ரோட்டுல ஒரு நாள் கூட நடந்தேன். 1869இல இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருசத்துக்குள்ள கோப்பி அழிஞ்சது. பட்டுப்போன கோப்பி மரத்தோட அடிக்கட்டையைக்கூட வீணாக்கல, தோலை உரிச்சு இங்கிலாந்துக்கு அனுப்பித் தேத்தண்ணி மேசைக்குக் காலாப் போட்டாங்கன்னு எழுதியிருக்காங்க. கட்டைக்கு இருந்த மதிப்பு நடந்து வந்த ஆளுக்கு இருக்கல.

அதனாலதான் மாத்தளைச் சாக்கு இந்த வழியாத் திரும்பி வருதுன்னு கேட்டதும் எனக்கு என்னமோ செஞ்சுது. எங்க அப்பாயி கோதை ஒரு வருசம் மழையில மக்க விட்டு, அப்புறம் வாழை மூட்டுல போடுவாங்க. தண்டை ஒட்டிப் போடாம ஒரு முழம் தள்ளிச் சுத்திப் போடுவாங்க. அக்கா, எனக்கு அரை ஏக்கர் வாழை இருக்கு. கோதுல பாதியை நான் எடுத்துக்கிறேன். சாக்கையும் தாங்க, புதுசா வச்ச மாங்கண்டுக்கு மூட்டுல விரிச்சா வெயில்ல ஈரம் நிக்கும்.

ஏ9 கோப்பிக்கடை:
தம்பி, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பேசாமல் இருந்தா. கோது உங்களுக்குத்தான். சாக்கைப் பற்றிச் சொன்னியள், எங்களுக்குச் சாக்கு எண்டால் பங்கர்தான் ஞாபகம். 2009இல சாக்கு முடிஞ்சு சீலையைத் தைச்சு மண் நிரப்பினம். இண்டைக்கும் நல்ல சாக்கொண்டைக் கிழிய விட எனக்கு ஏலாது. மாங்கண்டுக்குப் போகட்டும்.

மெல்பேர்ண் வன்னியன்:
புதுக்குடியிருப்பில பிறந்து இப்ப மெல்பேர்ணில கோப்பிக்கடையில வேலை செய்யிறன். கமக்கார ஐயா நாத்து வெளிறின கதை சொன்னவர். அதையே மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில செய்து பாத்து 2016இல எழுதினவை. புரோக்கோலி, லீக்ஸ், முள்ளங்கி, வயலா, சூரியகாந்தி, அஞ்சும் பச்சை மண்டியில குன்றிப் போச்சு. ஐயா தன்ர காசில செய்த ஆய்வும் அதேதான்.

இஞ்ச ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில 2023இல ஒண்டு வந்தது: மண்டியை ஒட்சிசன் இல்லாமல் 350 பாகையில கரியாக்கி, கொங்கிறீற்றில மணலுக்குப் பதிலா 15 சதவீதம் போட உறுதி 30 சதவீதம் கூடினது. கொஸ்ரா ரிக்காவில இன்னொரு வேலை செய்தவை. புல்லு மூடின பழைய மேய்ச்சல் நிலத்தில 30 லொறி கோப்பிப் பழச்சக்கையை அரை மீற்றர் மொத்தத்துக்குக் கொட்டிவிட, ரெண்டு வருசத்தில அந்த இடத்தில 80 சதவீதம் மர நிழல். கொட்டாத பக்கத்தில 20 சதவீதம். எங்கட முல்லைத்தீவில ஆற்று மணல் அள்ளி அள்ளி வெளிச்சுப்போன இடங்களை நினைச்சால் இந்த ரெண்டும் எங்களுக்கு வேணும். ஊரில ஆராவது பெரிய அளவில தொடங்கினால் நான் காசு சேர்த்துத் தருவன்.

விசுவமடு கமக்காரன்:
தம்பி, உம்மட மனம் நல்ல மனம். ஆனா 30 லொறிச் சக்கைக்கு இந்தத் தங்கச்சி ஆயுள் முழுக்கக் கோப்பி குத்தினாலும் காணாது. எங்களிட்ட இருக்கிறது மாதம் 100 கிலோக் கோதும் 90 கிலோ ஈர மண்டியும்தான். ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின்ர பெட்டி நிறையாது. இதுக்குக் கரியாக்கிற மெசின் வாங்கினால் மெசின் பசிக்குக் குப்பை தேடி ஓடவேணும். தூரத்தில இருந்து ஏத்திக்கொண்டு வந்தால் டீசலுக்கே காணாது. இருக்கிற இடத்தில, சைக்கிள் போற தூரத்தில முடியவேணும்.

மெல்பேர்ண் வன்னியன்:
ஒத்துக்கொள்ளுறன் ஐயா. அப்ப காய வைக்கிற தட்டுக்கும் கூட்டெரு மேடைக்குச் சீமெந்துக்கும் நான் அனுப்புறன். அது சரிதானே?

செட்டிகுளம் காளான்:
கோதின்ர மற்றப் பாதிக்கு ஒரு யோசனை. எங்கட காளான் பொதிகளைக் கிருமி சாகப் பீப்பாவில வச்சு மணித்தியாலக் கணக்கா அவிக்கவேணும். விறகுச் செலவுதான் எங்களைக் கொல்லுது. காய்ஞ்ச கோது நல்லா எரியுமே?

விசுவமடு கமக்காரன்:
எரிக்கிறதில எனக்கு விருப்பமில்லை. இந்த மண்ணுக்கு வெக்கை கூட, போடுற சேதனம் எல்லாம் ஒரு கோடையில கரைஞ்சு போகுது. மண்ணுக்குப் போகவேண்டியதைப் புகையாக்கிறது பாவம்.

பசளைப்பெட்டி:
ஐயா, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. எரிச்சால் நைதரசனும் காபனும் போகும், ஆனா பொற்றாசியம் சாம்பலில நிக்கும். கோதில எங்களுக்கு முக்கியமா வேண்டியதும் அதுதான். அவிச்ச பிறகு சாம்பலை அள்ளி வாழைக்குப் போடலாம். மன்னார், முருங்கன் பக்க மண் ஏற்கனவே காரம், அங்க சாம்பல் கவனம். அதோட, கோது எரியிற அளவுக்குக் காட்டு விறகு வெட்டுறது குறையும். வெறும் வெளியில குவிச்சு எரிக்கிறதும், அடைச்ச அடுப்பில வேலைக்கு எரிக்கிறதும் ஒண்டில்லை.

விசுவமடு கமக்காரன்:
காட்டு விறகு குறையுமெண்டால் சரி. வாழைக்குப் போற பாதியில மட்டும் கை வைக்காதேங்கோ.

ஏ9 கோப்பிக்கடை:
மூண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுறன், பிந்தினதுக்கு மன்னிக்கவேணும்.

பின்னால குவியல் இல்லை. கிடுகு போட்டு உயர்த்தின மேடை ஒண்டு கட்டியாச்சு, மெல்பேர்ண் தம்பிக்கு நன்றி. மழை நாளில மண்டி காயாது, அண்டைக்கு உள்ளது மேடைக்குப் போகுது, வெயில் நாளில உள்ளது பாயில காயுது. காய்ஞ்சால் 3 கிலோ 1.2 கிலோவாகுது, பஸ்ஸில அனுப்ப லேசு. வறுக்கிற சவ்வுத் தோலைக் கோழிக் கூட்டில உமியோட கலந்து விரிக்கிறன். காத்துக்குப் பறக்கிறதால கொஞ்சம் தண்ணி தெளிச்சுத்தான் அள்ளவேணும்.

சரிவராததையும் சொல்லவேணும். முதல் கூட்டெரு அழுகி மணத்தது. வைக்கோல் காணாமல் மண்டியைக் கூடப் போட்டிட்டன். பசளைப்பெட்டித் தம்பி வந்து பிரிச்சுக் காட்டினவர். ரெண்டாவது நல்லா வந்து, கையை உள்ள வைக்கேலாத சூடு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முதல் ரெண்டு வாளி குடுத்தன். கத்தரிக்குப் போட்டிருக்கிறா.

செட்டிகுளம் காளான்:
எங்கட பக்கக் கணக்கு: முதல் 40 பொதியில 17 பச்சைப் பூஞ்சணம். அழுகை வந்தது. பிறகு நாலில ஒண்டை ஆறில ஒண்டாக் குறைச்சு, தவிட்டையும் குறைச்சம், மண்டியிலயே சத்து இருக்கே. ரெண்டாம் தொகுதியில 40க்கு 4தான் போனது. காளான் மரத்தூள் பொதியில வாறது போலதான், கூடவும் இல்லைக் குறையவும் இல்லை. ஆனா மரத்தூளும் தவிடும் மிச்சம். முடிஞ்ச பொதியைப் பிரிச்சு வச்சிருக்கிறம், கூட்டெருவுக்கு நல்ல சாமான், ஆருக்கு வேணும்?

விசுவமடு கமக்காரன்:
எனக்கு வேணும் பிள்ளை. இந்த முறை நாத்துமேடைக்கில்லை, மிளகாய் நட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு பாத்திக்கு. வெள்ளிக்கிழமை வவுனியா வாறன், எத்தினை உரப்பை கொண்டு வர?

செட்டிகுளம் காளான்:
ஆறு கொண்டு வாங்கோ ஐயா. பொலித்தீனை நாங்கள் உரிச்சு வைக்கிறம்.